ஒருகுடியா, பல்குடியா?

(நிணநீர்ப் புற்றினை அறியும் மரபணு ஆய்வு பற்றிய பொழிவின் எழுத்துரு)



கழுத்தில் ஒரு நெறிக்கட்டு. வலியில்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டு திங்கள் கடந்தும் அது கரையவில்லை. மருத்துவர் அதனை அறுத்தெடுத்து நோய்க்கூறியலார்க்கு விடுக்கின்றார். அவர் அதனை மெல்லிய சீவல்களாகச் சீவிச் சாயமூட்டி நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்குகின்றார். பெரும்பாலான துணுக்குகளில் அவர்தம் கண்ணே முடிவுரைத்துவிடும். சாயமும் நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணும் சேர்ந்தவிடத்து வேறு கருவி பெரிதும் வேண்டுவதில்லை. ஆயின், சிற்சில துணுக்குகளில் அத் தேர்ந்த கண்ணும் தயங்கும். எங்கு நோக்கினும் சிற்றுருண்டையான வெள்ளணுக்கள். நோய்நுண்மியை எதிர்த்துத் திரண்ட படையோ இது? அன்றி, ஏவுவார் இன்றித் தானே பெருகிய புற்றோ? இரண்டும் ஒரே முகத்தைக் காட்டி நிற்கும்.

இவ்வினாவிற்கு விடை தவறினால் விளைவது சிறிதன்று. புற்றல்லாததைப் புற்றென்று கூறிவிட்டால், நலமுள்ள ஒருவரின் நாளத்தில் நச்சுமருந்து ஏறும், முடி உதிரும், எலும்புச்சோறு வாடும், ஒரு குடும்பம் தேடிய பொருளெல்லாம் கரையும். புற்றைப் புற்றன்று என்று கூறிவிட்டாலோ, மருந்துக்குப் பணிந்திருக்கக்கூடிய நோய் கைமீறி வளரும். ஆகவே, கண் தயங்கிய இடத்தில் வேறொரு வினாவை எழுப்பினர் அறிவியலார். "இவ்வுயிரணுக்கள் எத்தோற்றத்தன?" என்று கேளாமல், "இவை எத்தாய் வயிற்றுப் பிறந்தன?" என்று கேட்டனர். படையாயின், வெவ்வேறு தாயர் ஈன்ற மக்கள் அங்கே திரண்டிருப்பர், அது பல்குடி. புற்றாயின், ஒரே தாயுயிரணு ஈன்று பெருக்கிய கூட்டமாக இருக்கும், அஃது ஒருகுடி. இக் குடிமுறையை மரபிழையில் தேடிக் காண்பதே இப் பொழிவின் பொருளாகிய ஆய்வு.

உயிரணுவின் நெற்றியில் தாயின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. அவ்வாறிருக்க, குடியை எவ்வாறு காண்பது? காணலாம்; பி உயிரணுவிடத்தில் காணலாம். (பி என்னும் அவ்வெழுத்து வந்த வழி வேடிக்கையானது. பறவையின் கழிவாயருகே புர்சா எனப்படும் சிறுபை ஒன்றுண்டு. இவ்வகை உயிரணு முதிரும் இடமாக முதலில் அறியப்பட்டது கோழியின் அப் பையே. மாந்தர்க்கோ அப் பையே இல்லை. அதன் முதலெழுத்து மட்டும் நம்மோடு ஒட்டிக்கொண்டது.) நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருளைப் படைப்பது இவ்வுயிரணுவே. ஒரு பி உயிரணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் படைக்கும். ஆயின், உடல் முழுதும் நோக்கின் எதிர்ப்பொருளின் வகைகள் எண்ணில் அடங்கா. இதுவரை உலகில் தோன்றாத நோய்நுண்மிக்கும் பொருந்துவதொன்று எங்கோ ஓர் உயிரணுவில் காத்திருக்கும்.

இங்குத்தான் அறிவியலார்க்கு நெடுநாள் விளங்காத புதிர் ஒன்று இருந்தது. ஒரு புரதத்திற்கு ஒரு மரபணு என்பது அன்றைய கொள்கை. மாந்தன் உடலிற் புரதம் ஆக்கும் மரபணுக்களோ, இன்றறிந்த கணக்கின்படி, ஏறத்தாழ 20,000. இத்துணைச் சிறு தொகையிலிருந்து எண்ணிறந்த எதிர்ப்பொருள்கள் எவ்வாறு பிறக்கும்? 1965-இல் அமெரிக்காவின் திரேயரும் பென்னட்டும், எதிர்ப்பொருளின் ஓர் இழையை ஆக்குவதற்கு இரண்டு மரபணுக்கள் ஒன்று சேர்கின்றன போலும் என்று எழுதினர். ஏற்றவர் சிலரே. உடலின் எல்லா உயிரணுக்களிலும் மரபிழை மாறாத ஒன்றே என்று நம்பியிருந்த காலம் அது.

சப்பானில் நகோயாவில் 1939-இற் பிறந்த சுசுமு தொனெகாவா, 1971-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரிலிருந்த நோயெதிர்ப்பியல் நிறுவனத்திற் சேர்ந்தார். 1976-இல் அவரும் நொபுமிச்சி ஒசுமியும் செய்த ஆய்வு மிக எளிய கருத்தினது. இரண்டு மரபிழைகளை எடுத்தனர். ஒன்று கருவிலிருக்கும் எலியினது. மற்றொன்று, எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கும் எலிப்புற்றினது. இரண்டையும் ஒரே வெட்டுநொதியால் நறுக்கி, எதிர்ப்பொருள் மரபணுவின் மாறும் பகுதியும் மாறாப் பகுதியும் எத்துண்டில் உள்ளன என்று தேடினர். கருவின் இழையில் அவை இருவேறு துண்டுகளில் தனித்தனியே கிடந்தன. புற்றின் இழையிலோ இரண்டும் ஒரே துண்டில் ஒன்றியிருந்தன. பிறக்கும்போது பிரிந்திருந்தவை பி உயிரணு முதிரும்போது வெட்டி ஒட்டப்படுகின்றன என்பது ஐயமற நிறுவப்பட்டது. இதற்காக 1987-இல் தொனெகாவாவிற்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அவ்வாண்டு அப் பரிசைப் பகிர்ந்துகொள்ள வேறெவரும் இலர்.

அவ்வாய்வில் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒட்டப்பட்ட துண்டு அவர்கட்குத் தெளிவாகத் தெரிந்தது எதனால்? எடுத்தது புற்று ஆதலால். புற்று ஒருகுடி ஆதலால். அதன் எல்லா உயிரணுக்களும் ஒரே வகையாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தமையால். நலமுள்ள எலியின் பி உயிரணுக்களை எடுத்திருந்தால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவினதாய் ஒன்றன்மேலொன்று பரந்து, மங்கலான கறை ஒன்றே எஞ்சியிருக்கும். பின்னாளில் புற்றினைக் கண்டறியப் போகும் ஆய்வின் விதை அந்த முதலாய்விலேயே கிடந்தது.

இனி, அவ்வெட்டும் ஒட்டும் நிகழுமாறு காண்போம். மாந்தனின் 14-ஆம் நிறப்புரியில், அதாவது பாடநூல்கள் குரோமோசோம் என்று எழுதும் அவ்வமைப்பில், எதிர்ப்பொருளின் கனத்த இழைக்குரிய துண்டுகள் மூன்று அணிகளாக நிற்கின்றன. வி, டி, சே என மேலையார் எழுத்திட்டழைக்கும் அவற்றை வேறுபாட்டுத் துண்டு, பன்மைத் துண்டு, இணைப்புத் துண்டு என்னலாம். முதல் அணியிற் பயன்படுவன ஏறத்தாழ 40, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 6. ஒவ்வோர் அணியினின்றும் ஒன்றே ஒன்று தெரிந்தெடுக்கப்படும். முதலில் டியும் சேயும் புணரும். அதன்பின் வி வந்து அவற்றோடு புணரும். இடையிற் கிடந்தவை அறுத்தெறியப்படும். அறுக்கும் நொதிகள் இரண்டு. ஒன்று 1989-இலும் மற்றொன்று 1990-இலும் அமெரிக்காவில் டேவிட் பால்ட்டிமோரின் ஆய்வகத்தாரால் அறியப்பட்டன.

40-ஐயும் 23-ஐயும் 6-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 5,520 வரும். இது போதாது. எண்ணில் அடங்காத வகைமை பிறப்பது துண்டுகளாலன்று. அவை பொருந்தும் பொருத்துவாயினால். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதனை விளக்கல் எளிது. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து நிகழும் திரிபுகள் மூன்றென்று இலக்கணம் கூறுகின்றது; தோன்றல், திரிதல், கெடுதல் என்பன அவை. மரபிழையின் புணர்ச்சியிலும் அம் மூன்றுமே உள. வெட்டுண்ட ஈறுகளில் சில மரபெழுத்துகள் நொதியால் கடித்தெறியப்படும், இது கெடுதல். வேறொரு நொதி, எந்த மூலத்திலும் இல்லாத புதிய எழுத்துகளைத் தன்போக்கிற் கோத்துவிடும், இது தோன்றல். பின்னர், உயிரணு நோய்நுண்மியை எதிர்கொண்டு நிணநீர்க் கணுவினுட் புகுந்து பெருகும் காலத்து, புணர்ந்து முடிந்த மரபணுவிலேயே எழுத்துகள் மாறும், இது திரிதல். ஆயின், தமிழ்ப் புணர்ச்சிக்கு நெறியுண்டு. மரத்தொடு வேர் புணர்ந்தால் மரவேர் என்பதே யாண்டும் எவர் வாயினும் வரும். மரபிழைப் புணர்ச்சியிலோ எத்தனை எழுத்துக் கெடும், எத்தனை தோன்றும் என்பதற்கு நெறியே இல்லை. ஆதலால், தனித்தனியே பிறந்த இரண்டு பி உயிரணுக்கள் அப் பொருத்துவாயில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது மிக அரிது. ஒரு முறை புணர்ந்தபின் அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் யாவும் அதே பொருத்துவாயைச் சுமந்து செல்லும். மேலே கேட்ட 'தாயின் பெயர்' இதுவே.

இதனைப் படிக்கும் முறைகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். எட்வின் சதர்ன் 1975-இல் வகுத்த முறையில், மரபிழையை நறுக்கி, மின்னோட்டத்தால் அளவுவாரியாகப் பிரித்து, மென்படலத்தில் ஒற்றியெடுத்துக் கதிர்வீசும் துண்டுகளால் தேடினர். 1983-இல் ஆர்னால்டு, கோர்சுமேயர், வால்டுமன் முதலானோர் அம் முறையால் மாந்தரின் நிணநீர்ப் புற்றுகளில் ஒருகுடித் தன்மையைக் காட்டினர். சிறந்த முறையே, எனினும் அதற்கு மரபிழை நிறைய வேண்டும், அதுவும் சிதையாததாக வேண்டும், நாளும் பல ஆகும். கேரி மல்லிசு 1983-இற் கருதி, 1993-இல் நோபல் பரிசு பெற்ற பெருக்குவினை, அதாவது பாலிமரேசு தொடர்வினை, வந்தபின் சிறு துணுக்கே போதுவதாயிற்று. எனினும், ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு முறை வகுத்துக்கொள்ள, ஓரிடத்தில் ஒருகுடி எனப்பட்டது பிறிதோரிடத்தில் பல்குடி எனப்படும் நிலையும் தோன்றிற்று. ஐரோப்பிய ஆய்வகங்கள் பல கூடி உழைத்து 2003-இல் வெளியிட்ட பொதுமுறையே அக் குழப்பத்திற்கு எல்லை கட்டியது. 107 தொடக்கிகளை 18 குழாய்களில் அடக்கியது அம் முறை. தொடக்கி என்பது, பெருக்கவேண்டிய பகுதியின் இரு முனையிலும் சென்று பற்றும் குறுந்துண்டு.

ஆய்வகத்தில் நிகழ்வது யாது? பார்மலினில் ஊறிப் பாரபின் மெழுகிற் புதைந்த துணுக்கினின்றும் சில சீவல்களை எடுத்து, மெழுகை நீக்கி, மரபிழையைப் பிரித்தெடுப்பர். பின்னர்க் குழாய்தோறும் பெருக்குவர். கனத்த இழையின் மூன்று குழாய்களில் ஒன்றில் 310 முதல் 360 வரையும், அடுத்ததில் 250 முதல் 295 வரையும், மூன்றாவதில் 100 முதல் 170 வரையும் இணையெழுத்து நீளமுள்ள துண்டுகள் பிறக்கும். அவற்றை மயிரிழை போன்ற நுண்குழாயில் மின்னோட்டத்தால் ஓட்டி நீளத்தை அளப்பர். பல்குடியாயின், வெவ்வேறு நீளமுள்ள துண்டுகள் கலந்து ஓடி, நெற்குவியல் போன்று நடுவுயர்ந்து இருபுறமும் சரியும் மேட்டைத் தாளில் வரையும். ஒருகுடியாயின், யாவும் ஒரே நீளத்தனவாதலின், பனைமரம் போல் ஒரே கூர்முனை ஓங்கி நிற்கும்.

குவியலா, பனையா என்று பார்த்தாற் போதும் என்று தோன்றும். அங்குத்தான் இடர்.

முதலாவது, வாளாமை. பார்மலின் மரபிழையைத் துண்டுதுண்டாகச் சிதைக்கும். எலும்புத் துணுக்காயின் சுண்ணம் நீக்கக் காடியில் இட்டிருப்பர். அது பார்மலினினும் கொடிது. சிதைந்த இழையில் 200 எழுத்திற்கு மேல் நீளமுள்ள துண்டே எஞ்சவில்லையாயின், 310 எழுத்துத் துண்டை நாடும் குழாய் வாய் திறவாது. அது 'புற்றில்லை' என்னும் விடையன்று, விடையே அன்று. இதனால்தான் 100, 200, 300, 400, 600 எழுத்து நீளமுள்ள அளவுக்கோல் துண்டுகளை முதலிற் பெருக்கிப் பார்த்து, இழை எந்நீளம்வரை தாங்குகின்றது என்று அறிந்தபின்னரே மற்றவற்றைப் படிக்கவேண்டும் என்றனர். அளவுக்கோலைப் பாராமல் எழுதப்பட்ட 'இல்லை' என்னும் சொல்லுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, போலிப் பனை. ஊசியாற் குத்தியெடுத்த சிறு துணுக்கில் பி உயிரணு மிகச் சிலவே இருந்தால், பெருக்குவினை அச் சிலவற்றையே பெருக்கிக் கூர்முனை காட்டிவிடும். பத்துப் பேர் மட்டும் வந்த கூட்டத்தில் எவர் பேசினும் பெருங்குரலாகக் கேட்பது போன்றது அது. ஆகவே, ஒரே துணுக்கை இருமுறை தனித்தனியே பெருக்குவர். மெய்யான ஒருகுடியாயின் இரண்டு முறையும் அதே நீளத்தில் அதே முனை எழும். போலியாயின், முதலில் ஓரிடத்திலும் பின்னர் வேறிடத்திலும் எழும். எளிய காவல்தான்; ஆயினும், இதனைச் செய்யாத ஆய்வு நம்பத்தக்கதன்று.

மூன்றாவது, ஒளிந்த பனை. மேலே கூறிய 'திரிதல்' தொடக்கி சென்று பற்றும் இடத்திலேயே நிகழ்ந்துவிட்டால், தொடக்கிக்குப் பிடியில்லாது போகும். புற்றிருந்தும் முனை எழாது. நிணநீர்க் கணுவின் மையத்திற் பிறக்கும் புற்றுகளில் இது மிகுதி. இதற்கு மாற்றாக, 2-ஆம் நிறப்புரியிலுள்ள மெல்லிய இழைத் துண்டுகளையும் தேடுவர். அவ்விழையை உயிரணு கைவிடும்போது அறுத்தொட்டிய தழும்பு ஒன்று அங்கே எஞ்சும். அத் தழும்பில் எழுத்துத் திரிபு நிகழ்வதில்லை. கனத்த இழை ஒளித்ததை மெல்லிய இழையின் தழும்பு காட்டிக்கொடுக்கும். இரண்டிழையும் சேர்த்துத் தேடினால் பி உயிரணுப் புற்றுகளில் 90 விழுக்காட்டிற்கு மேல் அகப்பட்டுவிடும்.

நான்காவதே யாவற்றினும் பெரிது. பனை மெய்யாகவே பனையாக இருக்கலாம். ஒருகுடி மெய்யாகவே ஒருகுடியாக இருக்கலாம். இருந்தும் அது புற்றாகாமல் இருக்கலாம்! 2002-இல் இங்கிலாந்தின் லீட்சு நகர ஆய்வாளர்கள், 40 அகவை கடந்தவர்களாய்க் குருதியணு எண்ணிக்கை இயல்பாகவே இருந்த 910 பேரின் குருதியைக் கூர்ந்து ஆய்ந்தனர். நூற்றுக்கு 3.5 பேரிடம் ஒருகுடிப் பி உயிரணுக்கள் சிறுதொகையாகக் காணப்பட்டன. அவர்கள் நோயாளிகள் அல்லர். அத்தகையோருட் பெரும்பாலோர் மருத்துவம் தேவையின்றியே வாழ்ந்து முடிப்பர். வாயும் கண்ணும் வறளும் சியோகிரென் நோயில் எச்சிற் சுரப்பியினுள் திரளும் உயிரணுக்களிலும் ஒருகுடி காணப்படுதல் உண்டு. பிறிதொன்றும் உளது: டி உயிரணுப் புற்றுகள் சிலவற்றில் பி உயிரணுவின் பொருத்துவாய் காணப்படும், முதிராப் பி உயிரணுப் புற்றுகள் பலவற்றில் டி உயிரணுவின் பொருத்துவாய் காணப்படும். ஆகவே, இவ்வாய்வைக் கொண்டு இன்ன இனத்து உயிரணு என்று முடிவுகட்டுதலும் பிழையாம். நுண்ணோக்கி காட்டும் உருவும், சாயங்கள் காட்டும் புரதங்களும், நோயாளியின் உடல்நிலையும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டாலன்றிப் பனைமுனை எதனையும் தானே கூறாது.

நோயாளியின் கைக்கு வரும் தாளில் இது 'பாசிட்டிவ்' என்றோ 'நெகட்டிவ்' என்றோ ஒரு சொல்லாக வந்து விழுகின்றது. அச் சொல்லைக் கண்ட குடும்பத்தார், ஒன்று நல்லதென்று மகிழ்வர்; அன்றேல் புற்றென்று அழுவர். இரண்டும் அச் சொல் கூறாத பொருள். 'பி உயிரணுக்களில் ஒருகுடிப் பெருக்கம் காணப்பட்டது. துணுக்கின் உருவோடு பொருத்திக் காண்க' என்று தமிழில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? எழுதப்பட்டதன் பொருளும் அதுவே. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இவ்வாறு எழுதியிருப்பின், 'உருவு என்ன கூறிற்று?' என்று மருத்துவரைக் கேட்கவேனும் அக் குடும்பத்தார்க்குத் தோன்றியிருக்கும்.

இதுவரை கூறியது உடல் தன் காவலுக்காகச் செய்யும் நேரிய புணர்ச்சி. அதே வெட்டும் ஒட்டும் சில வேளை பிழைபட்டுப் போகும். 14-ஆம் நிறப்புரியின் வெட்டுவாயில் வேறொரு நிறப்புரியின் துண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். இவ்விழிபுணர்ச்சி அறியப்பட்ட வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகின்றது. 1957-இல் உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில், தாடையின் இருபுறமும் வீங்கிய சிறுவன் ஒருவனைக் கண்டார் அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிசு பர்க்கிட்டு. அதுபோன்ற குழந்தைகளை மேன்மேலும் கண்டு 1958-இல் எழுதினார். இன்று அந்நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. 1972-இல் மனோலோவும் மனோலோவாவும் அப் புற்றின் உயிரணுக்களில் 14-ஆம் நிறப்புரி இயல்பினும் நீண்டிருத்தலைக் கண்டனர். நீட்டிய துண்டு 8-ஆம் நிறப்புரியினின்று வந்தது என்பது 1976-இல் தெளிவாயிற்று. 1982-இல் அத் துண்டிலிருந்த மரபணுவும் அறியப்பட்டது. மிக் எனப்படும் அம் மரபணு உயிரணுவைப் பெருகெனத் தூண்டுவது. எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கச் செய்யும் விசை அதன் அருகே அமைந்துவிட, பெருக்கமும் ஓயாததாயிற்று.

18-ஆம் நிறப்புரியின் துண்டு வந்து ஒட்டினால் விளைவது வேறு. அங்குள்ள மரபணு உயிரணுவைச் சாகவிடாது காப்பது. கணுக்குமிழ்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இதுவே காணப்படும். இவற்றை அறிய, ஒளிரும் சாயந்தோய்ந்த இரு துண்டுகளை மரபணுவின் இருபுறமும் ஒட்டவிட்டு நுண்ணோக்கியிற் காண்பர். மரபணு முறியாதிருந்தால் செம்மையும் பசுமையும் சேர்ந்து மஞ்சட் புள்ளியாகத் தோன்றும். முறிந்திருந்தால் இரண்டும் விலகித் தனித்தனியே நிற்கும். மிக் முறிவும் அச் சாகாமை மரபணுவின் முறிவும் ஒரே புற்றில் சேர்ந்திருந்தால், அது வேறு பெயரும் கடிய மருத்துவமும் பெறும். எனவே, இவ்வாய்வின் விடை மருந்தையே மாற்றவல்லது. ஆயினும், இங்கும் முன்னைய எச்சரிக்கை பொருந்தும்: 14-உம் 18-உம் ஒட்டிய உயிரணுக்கள் நலமுள்ள பெரியோர் பலரின் குருதியில் ஒன்றிரண்டாகத் திரிகின்றன, அவருட் பெரும்பாலோர்க்கு அந்நோய் வருவதே இல்லை.

இறுதியாக, மருத்துவம் முடிந்த பின் இவ்வாய்விற்குள்ள பயனைக் கூறவேண்டும். துண்டின் நீளத்தை மட்டும் அளந்த காலம் போய், எழுத்துகளையே வரிசையாகப் படிக்கும் முறை வந்துவிட்டது. நீளம் ஒத்தும் எழுத்து வேறுபட்ட இருகுடிகளையும் அது பிரித்துக் காட்டும். நோயின் தொடக்கத்தில் ஒருவரின் புற்றுக்குரிய பொருத்துவாயைப் படித்துவைத்துக் கொண்டால், மருத்துவத்திற்குப் பின் அவர் எலும்புச்சோற்றில் இலக்கம் உயிரணுக்களுக்கு இடையே ஒன்று எஞ்சியிருப்பினும் அதனைத் தேடிப் பிடிக்கலாம். பத்தாண்டு கழித்து மீண்டும் ஒரு நெறிக்கட்டுத் தோன்றினால், பழைய குடிதான் திரும்பியதா, தொடர்பற்ற புதுக்குடி பிறந்ததா என்பதையும் கூறலாம். புதுக்குடியாக இருத்தலும் உண்டு. அப்போது அது பழைய நோயின் மீட்சியன்று, புதிய நோய். அதற்கேற்ப மருத்துவத்தையும் புதிதாக எண்ணவேண்டும். ஆயின், ஒப்பிடுவதற்கு முதற்கட்டியின் மெழுகுத் துண்டோ அதன் அளவுத் தாளோ எங்கேனும் காக்கப்பட்டிருத்தல் வேண்டும்.